ஊரார் கண்ட கல்விச் சபை
குவின்சி நகரின் பாடசாலை வரலாறு

ஒரு நாட்டின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், சட்டசபைகளில் நிறைவேறிய சட்டங்களையும் பெருங் கல்லூரிகளின் தோற்றத்தையும் விரித்துரைப்பது வழக்கம். சிற்றூர்களிலே கமக்காரரும் கடைக்காரரும் கற்றச்சரும் கூடியிருந்து, தம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆராய்ந்து முடிவு செய்த செய்திகள் அவ்வரலாறுகளில் ஓரடி அளவிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் கல்வி என்பது சட்டப் புத்தகத்திலே நிகழ்வதன்று. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வாங்கில் இருக்கும் பிள்ளையின் உள்ளத்திலே நிகழ்வது. அந்தப் பிள்ளைக்கு மிக அண்மையில் நிற்பது ஊர்; அவ்வூரின் வாயாய் நிற்பது அதன் கல்விச் சபை.

அத்தகைய சபை ஒன்றின் கதையை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, பொஸ்தன் நகருக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ளது குவின்சி. 1870ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே வாழ்ந்தோர் தொகை ஏழாயிரத்துச் சொச்சமே. அச்சிற்றூரின் கல்விச் சபையார் 1873இல் கேட்ட ஒரு கேள்வி, அந்நாட்டு ஆரம்பக் கல்வியின் போக்கையே மாற்றுதற்கு ஏதுவாயிற்று.

சட்டமும் ஊர்க்கூட்டமும்

மசச்சூசெற்ஸில் குடியேறிய ஆங்கிலேயர் தூய நெறியாளர் எனப்படும் சமயப் பிரிவினர். வேதாகமத்தை ஒவ்வொருவரும் தாமே வாசித்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. எனவே 1642இல், பெற்றாரும் எசமானரும் தம் பொறுப்பிலுள்ள பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பித்தல் வேண்டுமெனச் சட்டஞ் செய்தனர். 1647ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. ஐம்பது குடிகள் உள்ள ஊர் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தல் வேண்டும்; நூறு குடிகள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி ஒன்றை நிறுவுதல் வேண்டும்; தவறும் ஊர் ஐந்து பவுண் தண்டம் இறுத்தல் வேண்டும். சமயப் பற்றிலே பிறந்த சட்டமாயினும், பள்ளிக்கூடம் ஊரின் பொதுக் கடமை என்னும் கருத்து அதிலே வேரூன்றியது.

இக்கடமையை நிறைவேற்றிய இடம் ஊர்க்கூட்டம். ஆண்டுதோறும் வாக்குரிமையுடைய ஊரவர் ஒன்றுகூடித் தெருவுக்கு எவ்வளவு, ஏழைகளுக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு எனப் பணம் ஒதுக்குவர். வரி கொடுப்பவனே செலவையும் தீர்மானித்தான். ஆதலின் பள்ளிக்கூடத்தின்மேல் ஒரு கண் எப்போதும் இருந்தது. 1826இல் ஒவ்வோர் ஊரும் பாடசாலைக் கல்விச் சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டுமெனச் சட்டம் விதித்தது. அடுத்த ஆண்டுச் சட்டம் ஐந்நூறு குடும்பங்கள் கொண்ட ஊர்களில் உயர்தரப் பள்ளி இருத்தல் வேண்டுமென்றது. 1837இல் மாநிலக் கல்விச் சபை தோன்றியது. அதன் முதற் செயலாளரான ஹோறஸ் மான் பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று, பொதுப் பள்ளிக்கூடமே குடியாட்சியின் அடித்தளம் எனப் பறைசாற்றினார். 1852இல், அந்நாட்டிலேயே முதன்முதலாகக் கட்டாயப் பாடசாலை வரவுச் சட்டமும் அம்மாநிலத்தில் நிறைவேறியது.

இங்ஙனம் சட்டமும் இருந்தது, பணமும் இருந்தது, கட்டடங்களும் எழுந்தன. உள்ளே நடந்த கல்வி எத்தகையது என்பதே எஞ்சி நின்ற வினா.

குவின்சியும் அதன் மக்களும்

குவின்சி முன்னர் பிறெயின்றி என்னும் ஊரின் ஒரு பகுதியாயிருந்து 1792இல் தனியூராயிற்று. ஐக்கிய நாடுகளின் இரண்டாம் ஜனாதிபதி ஜோன் அடம்ஸ், அவர் மைந்தரும் ஆறாம் ஜனாதிபதியுமான ஜோன் குவின்சி அடம்ஸ் ஆகிய இருவருக்கும் அதுவே பிறந்த மண். பெருமக்களின் ஊராயினும் அது செல்வர் ஊரன்று. கருங்கல் அகழ்தல், சப்பாத்துத் தைத்தல் என்பவை அங்குள்ளோரின் தொழில். 1826இல் அங்குள்ள கற்சுரங்கத்திலிருந்து நினைவுத் தூண் ஒன்றுக்குக் கல் கொண்டுசெல்ல இருப்புப் பாதை அமைத்தனர். அதனை இழுத்தவை குதிரைகள். கல்லுடைக்கப் பிறநாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும், பழங்குடியினரின் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் அருகருகே இருந்து படித்தனர்.

இவ்வூர்க் கல்விச் சபையில் அக்காலத்தில் இடம்பெற்றிருந்தோருள் முதல்வர் சாள்ஸ் பிரான்சிஸ் அடம்ஸ் என்பார். இவர் முற்கூறிய இரு ஜனாதிபதிகளின் வழித்தோன்றல். உள்நாட்டுப் போரிலே படைத்தலைமை பூண்டவர். புகையிரத நிருவாகத்தில் வல்லவர். இவர்தம் தமையனாரும் இச்சபையில் அங்கம் வகித்தார். இவர்களுள் எவரும் ஆசிரியத் தொழில் பயின்றவரல்லர். இது நினைவிற் கொள்ளத்தக்கது. பின் நிகழ்ந்தவற்றின் சிறப்பு இதிலேயே தங்கியுள்ளது.

ஒரு கடிதம் எழுதத் தெரியுமா?

ஆண்டு முடிவிலே பள்ளிக்கூடங்களில் பரீட்சை நடைபெறுவது வழக்கம். சபையார் விருந்தினரைப் போல் வந்து வரிசையாக அமர்வர். ஆசிரியர் தாம் பழக்கி வைத்த வினாக்களைத் தாமே வினாவுவார். பிள்ளைகள் பழக்கி வைத்த விடைகளை மணியடித்தாற்போல ஒப்புவிப்பர். சபையார் மகிழ்ந்து பாராட்டுரை கூறி வீடு திரும்புவர். ஆண்டறிக்கையில் 'பாடசாலைகள் நன்னிலையில் உள்ளன' என்று ஒரு வரி சேரும்.

1873இல் சபையார் இவ்வழக்கத்தைக் கைவிட்டனர். வினாவும் உரிமையைத் தாமே ஏற்றனர். பிள்ளைகளின் கையிலே அவர்கள் முன் கண்டிராத புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். தம் பாடப் புத்தகத்தைக் கிளிப்பிள்ளைபோல் வாசித்த அதே பிள்ளைகள், புதிய பக்கத்தைக் கண்டதும் தட்டுத்தடுமாறினர். இலக்கணத்திலே வாக்கியத்தைப் பகுத்து, பெயரென்றும் வினையென்றும் பெயரிட்டு, அதற்குரிய விதியையும் சொல்லவல்ல பிள்ளைகளை நோக்கி, 'ஒரு கடிதம் எழுதுக' என்றார்கள். அவர்களுக்கு எழுத இயலவில்லை. எண்கணிதத்திலும் இதே நிலை; விதி வாயில் இருந்தது, வழங்கும் திறன் கையில் இல்லை.

சபையார் அடைந்த அதிர்ச்சி சொல்லுந்தரமன்று. எட்டாண்டு பள்ளிக்குச் சென்ற பிள்ளை, தன் தாய்மொழியில் ஒரு கடிதம் எழுத இயலாதாயின், ஊரார் கொடுத்த வரிப்பணம் எதற்கு? இந்தக் கேள்வியே பின்னர் நடந்த அனைத்துக்கும் வித்து.

இங்கே இரண்டு தவறான வழிகள் அவர்கள்முன் திறந்திருந்தன. ஆசிரியர்மேற் பழிசுமத்தி, அவர்களை விலக்கி அமைதல் ஒன்று. தாமே கல்வி வல்லுநராகி, இன்ன பாடத்தை இன்னவாறு கற்பிக்க எனக் கட்டளை பிறப்பித்தல் மற்றொன்று. இரண்டாவதைச் சிறிது காலம் முயன்றும் பார்த்தனர். தம்மால் ஆகாதெனக் கண்டனர். ஆசிரியர்கள் தாம் கற்பிக்கப்பட்டவாறே கற்பித்தனர். குற்றம் ஆளிடத்தன்று, முறையிடத்தே உள்ளது என்பதைத் தெளிந்தனர். நோயை அறிந்தோம், மருத்துவம் நமக்குத் தெரியாது. ஆதலின் மருத்துவனைத் தேடுவோம் எனத் துணிந்தனர். 1875இல் பாடசாலை அத்தியட்சராகப் பிரான்சிஸ் பாக்கர் என்பாரை அமர்த்தினர்.

பாக்கர் வந்தார்

பிரான்சிஸ் வேலண்ட் பாக்கர் 1837இல் நியூ ஹம்ஷயர் மாநிலத்திற் பிறந்தவர். இளமையிலே தந்தையை இழந்தார். எட்டு வயதிலே ஒரு கமக்காரரிடம் வேலைக்கு விடப்பட்டார். பள்ளிக்கூடம் அவருக்கு வாய்த்தது ஆண்டிலே சில வாரங்களே; வயலும் காடும் ஓடையுமே அவருக்கு ஆசான்களாயின. பதினாறாம் வயதில் தாமே ஆசிரியரானார். உள்நாட்டுப் போரில் சேர்ந்து கேணல் பதவிவரை உயர்ந்தார். 1864இல் கழுத்திலே குண்டுக் காயம் பட்டது. போர் ஓய்ந்தபின் மீண்டும் ஆசிரியத் தொழிலுக்கே வந்து, 1872 முதல் ஜேர்மனியிலே தங்கிக் கல்வித் தத்துவம் பயின்றார். பெஸ்தலோசி, புரோபல் முதலிய ஐரோப்பிய அறிஞர்தம் கருத்துக்கள் அவருள்ளத்தில் ஊன்றின.

சபையார் அவருக்குக் கொடுத்தது பதவி மாத்திரமன்று, உரிமையையும் கொடுத்தனர். இன்ன புத்தகத்தை நடத்துக, இன்ன நேரசூசியைப் பின்பற்றுக என்று அவரை நெருக்கவில்லை. பயனைக் காட்டுக, வழி உம்முடையது என்று விட்டனர். பொதுமக்கள் சபைகள் பலவும் வழுக்கி விழும் இடம் இதுவே. மேற்பார்வை வேறு, தலையீடு வேறு என்பதைக் குவின்சியார் உணர்ந்திருந்தனர்.

பாக்கர் முதலிற் செய்தது ஆசிரியரைக் கூட்டிப் பேசியது. அவர்தம் கூட்டங்கள் கட்டளை கேட்கும் கூட்டங்களல்ல. கற்பித்தலைப் பற்றி ஆராயும் கழகங்கள். பின்னர் வகுப்புக்கு வகுப்பு சென்று, தாமே பிள்ளைகளுடன் அமர்ந்து பாடம் நடத்திக் காட்டினார். அத்தியட்சர் வருகிறார் என்றால் அஞ்சி நடுங்கிய ஆசிரியர்கள், அவர் வரவை எதிர்நோக்கி இருக்கலாயினர்.

முறையிலே நேர்ந்த மாற்றங்கள் பல. எழுத்துக்களை முதலில் உருப்போட்டு, பின் அசை, பின் சொல் எனச் செல்லும் பழைய ஒழுங்கு நீங்கியது. பிள்ளை அறிந்த பொருளின் பெயரையும், அதுபற்றிய சிறு வாக்கியத்தையும் கரும்பலகையில் எழுதி வாசிப்பித்தனர். எழுத்தும் வாசிப்பும் ஒருங்கே பிறந்தன. எழுத்துக்கூட்டற் புத்தகமும், இலக்கண விதித் தொகுப்பும், பழைய வாசிப்புப் புத்தகமும் ஒதுக்கி வைக்கப்பட்டன. அவற்றின் இடத்தைச் சஞ்சிகைகளும், புதினத்தாள்களும், ஆசிரியர் தாமே எழுதிய ஏடுகளும் பெற்றன. எண்ணைப் பொருள்களைக் கையால் எண்ணிக் கற்றனர். பூமிசாத்திரம் வாசற்படியிலிருந்து தொடங்கியது. ஊர்க் குன்றையும் ஓடையையும் கண்டு, மணலிலும் களிமண்ணிலும் அவற்றின் உருவை அமைத்தபின்னரே உலகப் படத்திற்குச் சென்றனர். மொழியை மொழிந்தே கற்றல் வேண்டும் என்பது பாக்கரின் துணிபு. ஆகவே நாள்தோறும் பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினர். சபையார் கேட்ட அந்தக் கடிதம் இவ்வாறு எழுதப்படலாயிற்று.

தம் முறைக்குப் பாக்கர் புதுமைப் பட்டம் சூட்டிக்கொள்ளவில்லை என்பது அறியற்பாலது. அறிஞர் பலர் முன்னரே நிலைநாட்டிய கொள்கைகளைத் தாம் வழக்கிற்குக் கொண்டுவருவதன்றி வேறொன்றுஞ் செய்யவில்லை என்றே அவர் எழுதினார். எனினும் 'குவின்சி முறை' என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் புகையிரதத்தில் வந்திறங்கி அச்சிற்றூர்ப் பள்ளிகளைப் பார்வையிட்டனர். 1879இல் சபையின் சார்பில் சாள்ஸ் அடம்ஸ், இச்சீர்திருத்தத்தின் வரலாற்றைத் தனி நூலாக வெளியிட்டார். பிள்ளை ஒன்றுக்கு ஆகும் செலவு கூடவில்லை, குறைந்தே உள்ளது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். வரி கொடுப்போர் மன்றத்திலே அது சிறிய வாதமன்று.

எதிர்ப்பும் சோதனையும்

புகழ் வந்த இடத்திலே பகையும் வந்தது. பிள்ளைகள் பள்ளியில் விளையாடுகிறார்கள், களிமண் பிசைகிறார்கள். எழுத்தும் கணக்கும் கெட்டன என்று பலர் பழித்தனர். இத்தகைய குற்றச்சாட்டுக்கு விடை சொற்போரினாலே கிடைப்பதன்று. நல்ல வேளையாக விடை வேறிடத்திலிருந்து வந்தது.

1879இல் மாநிலக் கல்விச் சபையின் அலுவலர் ஒருவர், குவின்சி அடங்கிய நோர்வோக் மாவட்டத்துப் பாடசாலைகள் யாவற்றையும் ஒரே வினாத்தாள் கொண்டு பரிசோதித்தார். பிள்ளைகள் கடிதம் எழுதவும் பணிக்கப்பட்டனர். மாவட்டத்தின் பொதுநிலை வருந்தத்தக்கதாயிருந்தது. மாணாக்கனைக் குறிக்கும் 'ஸ்கொலர்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லை இருநூற்றுக்கு மேற்பட்ட வகைகளிற் பிழைபட எழுதியிருந்தனர். எழுத்துக்கூட்டலையே ஆண்டுக்கணக்காக உருப்போட்ட பள்ளிகளின் விளைவு அது! எழுத்துக்கூட்டற் புத்தகத்தைக் கைவிட்ட குவின்சிப் பிள்ளைகளோ வாசிப்பிலும் எழுத்திலும் சொற்பிழையின்மையிலும் முதன்மை பெற்றனர். கணிதத்தில் மாத்திரம் நான்காம் இடம். பழித்தோர் வாய் ஒருவாறு அடங்கியது.

ஆயினும் கதை அங்கே இனிது முடிந்தது எனல் பொருந்தாது. 1880இல் பாக்கர் பொஸ்தன் நகருக்கு மேற்பார்வையாளராகச் சென்றார். 1883இல் சிக்காகோ சென்று ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை ஒன்றின் அதிபரானார். சிற்றூரால் அத்தகைய ஒருவரை நெடுங்காலம் தன்னகத்தே வைத்திருத்தல் இயலவில்லை. ஒருவரின் உயிர்ப்பினால் எழுந்த இயக்கம், அவர் நீங்கியபின் அதே வெம்மையோடு நில்லாது என்பது எங்குங் காணப்படும் உண்மை. ஆனால் விதை வேறு நிலங்களிலும் விழுந்தது. முற்போக்குக் கல்வியின் தந்தை பாக்கரே என்று அறிஞர் ஜோன் டூயி பின்னாளிற் போற்றினார். 1902இல் பாக்கர் காலமானார். குவின்சியோ 1888இலேயே நகராட்சி பெற்றுவிட்டது. பழைய ஊர்க்கூட்டம் மறைந்தது, கல்விச் சபை நிலைத்தது.

வாசிகசாலையும் வாக்குரிமையும்

இவ்வரலாற்றில் இலக்கிய அன்பர் கவனிக்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு வாசிக்க என்ன இருக்கிறது என்று சாள்ஸ் அடம்ஸ் வினவினார். பள்ளிக்கூடம் வாசிக்கும் கருவியைக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தெருவிலே விட்டுவிடுகிறது. பொது வாசிகசாலையோ நூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு வாசகரின்றி இருக்கிறது. இரண்டையும் இணைத்தல் வேண்டும் என்று அவர் ஆசிரியர்களிடம் எடுத்துரைத்தார். ஆசிரியர்கள் வகுப்புக்கு வேண்டும் நூல்களை வாசிகசாலையிலிருந்து மிகுதியாகப் பெற வழி செய்தார். 1882இல் தோமஸ் கிறேன் பெயரால் எழுந்த அவ்வூர் வாசிகசாலைக் கட்டடம், கட்டடக்கலை மாணவர் இன்றும் கண்டு போற்றும் ஒன்றாகும்.

மற்றொரு செய்தியும் உண்டு. பெண்களுக்கு எத்தேர்தலிலும் வாக்குரிமை இல்லாதிருந்த அம்மாநிலத்தில், 1874இல் கல்விச் சபைகளில் அங்கம் வகிக்கும் உரிமையும், 1879இல் அச்சபைகளைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தன. பிள்ளையை வளர்ப்பவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச உரிமையற்றவள் என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கலாம்? அரசியற் கோட்டையின் கதவு பெண்களுக்கு முதலில் திறந்தது பள்ளிக்கூட வாயிலிலேதான்.

நமக்கும் இதற்கும் உள்ள உறவு

இக்கதை நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1810இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே தோன்றிய மிசன் சங்கமே 1816இல் யாழ்ப்பாணத்துக்கு மிசனரிமாரை அனுப்பியது. தெல்லிப்பழையிலே பணி தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபரான டானியேல் பூவர் அம்மாநிலத்திற் பிறந்தவரே. ஊர்தோறும் பள்ளிக்கூடம் என்னும் எண்ணத்தை அவர்கள் தம் நாட்டிலிருந்தே கொணர்ந்தனர். ஆனால் ஊரார் கூடிப் பள்ளியை ஆளும் வழக்கத்தை அவர்கள் கொணரவில்லை. இங்கே ஆண்டது மிசன். அதற்கு மறுமொழியாக 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நாவலர் பெருமான் நிறுவினார். அவ்வழியில் 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், பல கிராமங்களிற் பாடசாலைகளைத் தாங்கி நடத்தியது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு மாறின. முகாமையாளரின் தயவிலே தங்கியிருந்த ஆசிரியருக்கு அது விடுதலையாயிற்று. தம் கையாற் கட்டிய பள்ளிக்கூடத்தில் ஊரவரின் குரல் மெலிவதற்கும் அதுவே காரணமாயிற்று. இரண்டையும் ஒருங்கே கூறுதல்தான் நேர்மை.

இன்னொன்றையும் ஒப்புநோக்குதல் தகும். குவின்சிச் சபை ஒப்புவித்தற் பரீட்சையைக் கைவிட்ட அதே காலத்திலே, இங்கிலாந்தில் 1862இல் தொடங்கிய 'பெறுபேற்றுக்கேற்ற பணம்' என்னும் முறை இலங்கைக்கு வந்து நிலைபெற்றுக்கொண்டிருந்தது. பரிசோதகர் வரும் நாளில் எத்தனை பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சித்தியெய்தினரோ, அத்தனைக்கே நன்கொடை. ஆசிரியரின் உணவு பிள்ளையின் மனனத்திலே தொங்கியது. அம்முறை ஏட்டிலிருந்து எப்போதோ நீங்கிவிட்டது, நெஞ்சிலிருந்து நீங்கியதா? ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பிள்ளையை இரவு பகலாகப் பழக்கி, புள்ளியை அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிடும் பெற்றாரே இதற்கு விடை கூறல் வேண்டும்.

ஊரார் தேர்ந்தெடுத்த சபை என்பதனால் மாத்திரம் ஒரு சபை நன்மை செய்துவிடாது. அமெரிக்காவிலேயே கட்சிப் பூசலுக்கும் உறவினர்க்கு உத்தியோகம் அளித்தற்கும் கருவியாகிய கல்விச் சபைகள் பல இருந்தன. குவின்சிச் சபையின் பெருமை மூன்று செயல்களில் அடங்கும். பாராட்டுரையோடு அமையாது உண்மையைத் தேடியது ஒன்று. தம் அறிவின் எல்லையை உணர்ந்து, அறிந்தவரைத் தேடியது இரண்டு. தேடிக் கண்டவருக்குச் சுதந்திரம் கொடுத்து, பழி வந்தபோது அவர்பக்கம் நின்றது மூன்று. இம்மூன்றுக்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை, சட்டமும் வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பாடசாலைகளில் இன்று அபிவிருத்திச் சங்கங்கள் உள்ளன. கட்டடத்துக்குக் கூரை வேண்டும், விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் வேண்டும், பரிசளிப்புக்குப் பணம் வேண்டும் என்று அவை கூடிப் பேசுகின்றன. அவையும் வேண்டியனவே. அவற்றோடு ஆண்டுக்கொருமுறை பிள்ளையின் கையில் ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, தூரத்திலிருக்கும் மாமனுக்கோ அக்காளுக்கோ ஒரு கடிதம் எழுதச் சொல்லிப் பார்க்கட்டும். அத்தாளிலே என்ன எழுதப்படுகிறதோ, அதுவே அப்பள்ளிக்கூடத்தின் மெய்யான ஆண்டறிக்கை.